கருங்கல் எல்லாம் கிரானைட்டா? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறை என்று பேச்செடுத்தால் வீடு கட்டுகிறவர், நிலவியல் படிக்கிற பிள்ளை, கோயில் வேலை பார்க்கிற கல்தச்சர் எல்லோருமே ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசி எங்கே போனாலும் இதுதான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். பூமிக்கு அடியில் உறைந்த, மணி பெரிதாகத் தெரிகிற தீப்பாறைகள் பற்றித்தான் பேச்சு. முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் சிக்கலான கேள்விகள் எளிதாகப் பிடிபடும்.

1. "சார், கருங்கல்லும் கிரானைட்டும் ஒண்ணுதானே?"

இல்லை. உளிக்கு லேசில் மசியாத எந்தக் கல்லையும் நாம் கருங்கல் என்போம். அம்மி, ஆட்டுரல், கோயில் தூண், அஸ்திவாரக் கல் எல்லாம் கருங்கல்தான். அதற்குள் கிரானைட் இருக்கலாம், சார்னோக்கைட் (10ஆம் கேள்வியில் வருகிறது) இருக்கலாம், நைஸ் (பழைய பாறை சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறியது) இருக்கலாம், டாலரைட்டும் (கேப்ரோ சேர்மானம்தான், மணி சிறிது) இருக்கலாம்.

நிலவியலில் கிரானைட் என்றால் அதற்குள் எந்தக் கனிமம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு 6ஆம் கேள்வியில் வருகிறது.

2. "தீப்பாறைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. நம்ம பக்கம் எரிமலையே கிடையாதே, பின்ன எப்படி?"

தீப்பாறை உண்டாக எரிமலை வேண்டும் என்பதில்லை. பூமிக்குள் பாறை உருகிக் குழம்பாகிறது. அது மேலே வந்து கொட்டி ஆறினால் எரிமலைப் பாறை. மேலே வராமல், மற்ற பாறைகளுக்கு நடுவே புகுந்து அங்கேயே உறைந்துவிட்டால் ஊடுருவிய பாறை. அதிலும் நல்ல ஆழத்தில் உறைந்ததை அடியாழப் பாறை என்கிறார்கள். கிரானைட், டயோரைட், கேப்ரோ எல்லாம் இந்த வகை.

அவ்வளவு ஆழத்தில் கிடந்தது இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், மேலே மூடியிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப் போய்விட்டது என்று பொருள்.

3. "ஒரு கல்லுல மணி பெருசா தெரியுது, இன்னொண்ணுல ஒண்ணுமே தெரியல. ஏன்?"

உடன்குடிப் பக்கம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டுக்கும் அதே பதநீர்தான். சீக்கிரம் இறுக விட்டால் கருப்பட்டி, உள்ளே மணி தெரியாது. பாகை அசையாமல் வாரக்கணக்கில் வைத்தால் கற்கண்டு முகம் முகமாக வளர்ந்து நிற்கும். பாறைக்குழம்பும் அப்படியே. ஆழத்தில் சூடு வெளியேற வழியில்லாமல் மெல்ல மெல்ல ஆறும்போது படிகங்கள் வளர நேரம் கிடைக்கிறது. வெளியே கொட்டியது சட்டென்று இறுகிவிடுகிறது. கிரானைட்டின் அதே சேர்மானம் வெளியே வந்து உறைந்தால் அது ரையோலைட். கேப்ரோவின் சேர்மானம் வெளியே வந்தால் பசால்ட்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணியின் அளவை ஆறும் வேகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. பெக்மடைட் என்றொரு பாறை உண்டு. அதில் ஒவ்வொரு மணியும் 3 சென்டிமீட்டருக்கு மேல், சில இடங்களில் ஆள் உயரம்கூட இருக்கும். குழம்பு உறைந்து தீரும் கட்டத்தில் மிஞ்சிய கடைசிப் பங்கில் நீர் சேர்ந்திருக்கும். அந்த நீர் குழம்பை இளக்கமாக்கிவிடுவதால், அணுக்கள் சுலபமாக நகர்ந்து, இருக்கிற சில படிகங்களிலேயே போய் ஒட்டுகின்றன. அதனால்தான் அவ்வளவு பெரிய மணி.

4. "அந்த மணியெல்லாம் என்னென்ன? வெறுங்கண்ணால கண்டுபிடிக்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடந்து பழுத்த மேல்தோலைப் பார்க்கக் கூடாது. சுத்தியலால் ஒரு சில்லு உடைத்து, புதிய முகத்தில் தண்ணீர் தெளித்து, பத்து மடங்கு லென்ஸை கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லைக் கிட்டே கொண்டுவந்து பார்க்க வேண்டும். பல பேர் லென்ஸைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்க்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் குவார்ட்ஸைத் தேடுங்கள். நாம் வெங்கச்சங்கல் என்று சொல்கிறோமே, அதே பொருள்தான். கண்ணாடித் துண்டு போல் சாம்பல் நிறத்தில், ஒழுங்கான முகம் இல்லாமல், மற்ற மணிகளின் இடுக்குகளை அடைத்துக்கொண்டு கிடக்கும். கத்தியால் கீறினால் கீறல் விழாது. கடினத்தன்மை பத்துக்கு 7. அடுத்தது ஃபெல்ட்ஸ்பார், கடினத்தன்மை 6. இது உடையும்போது தட்டையான முகமாக உடையும். கல்லைக் கையில் வைத்து வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி அணையும். குவார்ட்ஸ் அப்படி மின்னாது. இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஃபெல்ட்ஸ்பாரில் இரண்டு குடும்பம். பொட்டாசியமும் சோடியமும் உள்ளது கார ஃபெல்ட்ஸ்பார். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும். சோடியமும் கால்சியமும் உள்ளது பிளாஜியோகிளேஸ். பெரும்பாலும் வெள்ளை, சாம்பல். இதன் மின்னும் முகத்தில் லென்ஸ் வழியே பார்த்தால் ரூல் போட்ட நோட்டு மாதிரி நெருக்கமான நேர்கோடுகள் தெரிந்தால் பிளாஜியோகிளேஸ் என்று அடித்துச் சொல்லலாம். கோடு தெரியவில்லை என்பதற்காக அது இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மீதி இருப்பவை கறுப்பு மணிகள். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாக உரிந்தால் பயோடைட், அதாவது கறுப்புக் காக்காப்பொன். நீளநீளமாக இருந்து, உடைந்த முகங்கள் சாய்ந்த கோணத்தில் சந்தித்தால் ஹார்ன்பிளெண்ட். கட்டை குட்டையாக, ஏறக்குறைய செங்கோணத்தில் உடைந்திருந்தால் பைராக்சீன். பச்சைக் கண்ணாடி போல இருந்தால் ஆலிவின்.

5. "கடையில பிளாக் கிரானைட்னு போட்டிருக்கான். கிரானைட் கருப்பா இருக்குமா?"

மெருகேறக்கூடிய கெட்டியான கல் எதையும் கிரானைட் என்றே விற்பது கல் வியாபாரத்தில் உலக வழக்கம். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அது வணிகப் பெயர். சமையலறையில் போடும் முழுக் கறுப்புப் பலகை பெரும்பாலும் டாலரைட் அல்லது கேப்ரோ வகை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு, அல்லது சுத்தமாக இல்லை. அலையலையாக வண்ணம் ஓடும் பலகைகள் பல நைஸ் என்ற உருமாறிய பாறை. நீலமாக மின்னும் 'புளூ பேர்ல்' நார்வேயின் லார்விக் பகுதியிலிருந்து வருவது. அது மான்சோனைட் வகை (7ஆம் கேள்வியில் வருகிறது), அதுவும் கிரானைட் இல்லை.

எடையிலும் வித்தியாசம் தெரியும். ஒரு கன அடி கிரானைட் சுமார் 75 கிலோ. அதே அளவு கேப்ரோ 85 கிலோ வரும். சுமை இறக்குகிறவர்கள் கறுப்புப் பலகை கனம் என்று சொல்வது உண்மைதான், அதில் இரும்பும் மக்னீசியமும் அதிகம்.

6. "கிரானைட், கிரானோடயோரைட், டோனலைட்... எந்தக் கணக்குல இந்தப் பேரெல்லாம் வைக்காங்க?"

முன்பு ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் முன்னின்று, 1970களில் சர்வதேச நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் பெயரில் ஒரு பொது முறையைக் கொண்டுவந்தார். இன்றைக்கு எல்லோரும் பின்பற்றுவது அதுதான். கறுப்பு மணிகளை ஒதுக்கிவிடுங்கள். குவார்ட்ஸ், கார ஃபெல்ட்ஸ்பார், பிளாஜியோகிளேஸ் மூன்றையும் கூட்டி நூறாக்குங்கள். இந்த நூறில் குவார்ட்ஸ் எவ்வளவு என்பது முதல் கேள்வி. ஃபெல்ட்ஸ்பார் இரண்டில் பிளாஜியோகிளேஸின் பங்கு எவ்வளவு என்பது இரண்டாவது.

குவார்ட்ஸ் 20 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் கிரானைட் குடும்பம். அதற்குள், மொத்த ஃபெல்ட்ஸ்பாரில் பிளாஜியோகிளேஸ் 10% கூட இல்லை என்றால் கார ஃபெல்ட்ஸ்பார் கிரானைட். 10 முதல் 65 வரை கிரானைட். 65 முதல் 90 வரை கிரானோடயோரைட். 90க்கு மேல் டோனலைட்.

கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். மெருகேற்றிய துண்டுப் பலகை ஒன்றை எடுங்கள். ஒளி ஊடுருவும் தாளில் ஒரு சென்டிமீட்டர் கட்டம் போட்டு மேலே விரித்து, கோடுகள் சந்திக்கும் நூறு புள்ளிகளின் அடியில் என்ன கனிமம் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் 30, கார ஃபெல்ட்ஸ்பார் 35, பிளாஜியோகிளேஸ் 25, கறுப்பு 10 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். கறுப்பைத் தள்ளினால் மீதி 90. அதில் குவார்ட்ஸ் 30 என்றால் 33%. ஃபெல்ட்ஸ்பார் 60இல் பிளாஜியோகிளேஸ் 25, அதாவது 42%. இது கிரானைட். இன்னொரு பலகையில் குவார்ட்ஸ் 22, கார ஃபெல்ட்ஸ்பார் 8, பிளாஜியோகிளேஸ் 50, கறுப்பு 20. இங்கே குவார்ட்ஸ் 80க்கு 22, அதாவது 27.5%. ஃபெல்ட்ஸ்பார் 58இல் 50 பிளாஜியோகிளேஸ், 86%. இது கிரானோடயோரைட். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் சொல்வார்.

7. "குவார்ட்ஸ் ரொம்பக் கொஞ்சமா இருந்தா?"

குவார்ட்ஸ் 5 சதவீதத்துக்கும் கீழே போனால் ஃபெல்ட்ஸ்பாரைப் பார்த்துப் பெயர். கார ஃபெல்ட்ஸ்பார் மிகுந்தால் சயனைட், இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் மான்சோனைட், பிளாஜியோகிளேஸ் மட்டுமே என்றால் டயோரைட் அல்லது கேப்ரோ. 5க்கும் 20க்கும் நடுவே இருந்தால் இதே பெயர்களுக்கு முன்னால் 'குவார்ட்ஸ்' சேர்த்துக்கொள்ள வேண்டியது: குவார்ட்ஸ் சயனைட், குவார்ட்ஸ் டயோரைட் என்று.

சிலிக்கா போதாத குழம்பில் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பதிலாக நெஃபலின் போன்ற கனிமங்கள் உண்டாகும். காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவன்மலையின் நெஃபலின் சயனைட் நிலவியலாளர்கள் மத்தியில் பேர்போனது. நெஃபலினும் குவார்ட்ஸும் ஒரே தீப்பாறையில் சேர்ந்து இருக்காது. சிலிக்கா மிஞ்சியிருந்தால் நெஃபலின் அதை எடுத்துக்கொண்டு ஃபெல்ட்ஸ்பாராக மாறிவிடும். ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேட வேண்டாம்.

8. "டயோரைட், கேப்ரோ ரெண்டுலயும் பிளாஜியோகிளேஸ்தான்னா எப்படிப் பிரிக்க?"

பிளாஜியோகிளேஸுக்குள் கால்சியத்தின் பங்கு பாதிக்கு மேல் போனால் கேப்ரோ, பாதிக்குக் கீழ் என்றால் டயோரைட். இதை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். கையில் வைத்துப் பார்க்கும்போது, கறுப்பு மணி ஹார்ன்பிளெண்டாக இருந்தால் டயோரைட் என்றும் பைராக்சீனாக இருந்தால் கேப்ரோ என்றும் தற்காலிகமாக எழுதிவைப்பது வழக்கம். பெரும்பாலும் சரியாக வரும், எப்போதும் இல்லை. கேப்ரோவில் உள்ள பைராக்சீன் ஹைப்பர்ஸ்தீன் வகையாக இருந்தால் அதற்கு நோரைட் என்று பெயர்.

கறுப்பு மணிகளே 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் 6ஆம் பதிலில் சொன்ன கணக்கு செல்லாது. ஆலிவின் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரிடோடைட், 90ஐத் தாண்டினால் டியூனைட், பைராக்சீனே நிறைந்திருந்தால் பைராக்சினைட்.

9. "குழம்பு ஒண்ணுதானே சார், அதுல இருந்து எப்படி இத்தனை வகைக் கல்லு?"

எல்லாக் கனிமமும் ஒரே சூட்டில் உறைவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்மன் போவன் ஆய்வகத்தில் பாறைகளை உருக்கி உறையவைத்து இந்த வரிசையைக் கண்டுபிடித்தார். முதலில் ஆலிவினும் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸும், அப்புறம் பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோடைட்; கடைசியாகக் கார ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும். முதலில் உறைந்த கனமான மணிகள் அடியில் தங்கிவிட்டால், மேலே மிஞ்சும் குழம்பில் இரும்பும் மக்னீசியமும் குறைந்து சிலிக்கா கூடிக்கொண்டே போகும். கேப்ரோவில் சிலிக்கா 45 முதல் 52%, கிரானைட்டில் 70% சுற்றி.

ஆனால் உலகத்துக் கிரானைட் எல்லாம் இப்படி வடிந்து வந்தது என்று நினைக்க வேண்டாம். கண்டத்தின் அடிப்பகுதியில் இருக்கும் பழைய பாறைகள் சூடேறும்போது, சுலபமாக உருகும் பங்கு மட்டும் முதலில் உருகும். அந்தப் பங்கு நேரடியாகவே கிரானைட் சேர்மானத்தில் இருக்கும். பெரிய கிரானைட் மலைகள் பலவற்றில் இந்த வழிக்கே பங்கு அதிகம்.

10. "அண்ணாச்சி, அப்போ நம்ம குற்றாலம், பாபநாசம் மலையெல்லாம் என்ன கல்லு?"

பெரும்பாலும் சார்னோக்கைட்டும் நைஸும். குவாரியில் உடைத்து, புளூ மெட்டல் என்று லாரியில் வருகிற சல்லியிலும் இவைதான் அதிகம். சார்னோக்கைட்டை ஒரு முறை கவனமாகப் பார்த்துவிட்டால் மறக்காது. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியது போல் மினுங்கும். ஃபெல்ட்ஸ்பார் பாசிப்பச்சை கலந்த பழுப்பு, குவார்ட்ஸ் நீலம் கலந்த சாம்பல். வெயில்பட்ட தோல் மட்டும் வெளிறிப் பழுப்பாக இருக்கும். சேர்மானத்தைப் பார்த்தால் கிரானைட்டேதான், கூடவே ஹைப்பர்ஸ்தீன் இருக்கும். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இருந்த கல் இது என்பதால், 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் சார்னோக்கின் பெயரையே இதற்கு வைத்தார். சென்னை பல்லாவரத்தில் கிடைப்பதும் இதுதான்.

இதே குடும்பத்தில் டோனலைட் சேர்மானத்தில் இருப்பது எண்டர்பைட். அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்தை ஒட்டி வந்த பெயர். கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் இருந்த காலத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தன. அங்கேயும் நம் மலைக் கல்லின் பங்காளிகள் கிடைப்பதில் வியப்பில்லை.

11. "சார்னோக்கைட் தீப்பாறையா, உருமாறிய பாறையா? ஒருத்தர் ஒண்ணு சொல்லுதாங்க."

இரண்டும் நடக்கும், அதனால்தான் குழப்பம். ஹைப்பர்ஸ்தீன் உண்டாக நல்ல சூடு வேண்டும், நீர் குறைவாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வறண்ட குழம்பு உறைந்தாலும் சார்னோக்கைட் வரும். ஏற்கெனவே இருந்த கிரானைட்டோ நைஸோ பூமியின் அடியாழத்தில் வெந்து, அதில் இருந்த பயோடைட்டும் ஹார்ன்பிளெண்டும் நீரை இழந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறினாலும் அதுவே வரும். நம் தென்கோடிப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கடுமையாக வெந்தவை. பல இடங்களில் மூலப் பாறை குழம்பிலிருந்து வந்ததுதான், பின்னால் உருமாறியது.

வெளியில் போய்ப் பார்க்கும்போது மணிகள் எந்தத் திசையும் இல்லாமல் கலைந்து கிடந்தால் தீப்பாறைத் தோற்றம். கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஒரே திசையில் ஓடினால் அழுத்தம் கண்ட பாறை. என் கருத்தைக் கேட்டால், 6ஆம் பதிலின் கணக்கைப் போட்டுச் சேர்மானத்தை முதலில் எழுதிவிடுங்கள். பிறப்புக் கதையைத் தனி வரியாக எழுதுங்கள். இரண்டையும் ஒரே பெயரில் அடைக்கப் பார்ப்பதால்தான் இந்தச் சண்டையே வருகிறது.

12. "கல்லுல மாதுளை முத்து மாதிரி செவப்பா இருக்கே, அது கிரானைட்ல வருமா?"

அது கார்னெட். சில கிரானைட்டுகளில் வரும், ஆனால் நம் பக்கத்துக் கல்லில் கைநிறையத் தெரிந்தால் அது உருமாறிய நைஸ் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அந்தக் கல் அரித்து ஆறுகள் வழியே கடலுக்குப் போய்த்தான் மணப்பாடு, உவரி கரைகளில் சிவப்பும் கறுப்புமாக மணல் ஒதுங்குகிறது. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். ஃபெல்ட்ஸ்பார் வழியிலேயே களிமண்ணாகச் சிதைந்துவிடும். குவார்ட்ஸ் சிதையாது, தாமிரபரணி மணலில் அதிகம் இருப்பது அதுதான்.

13. "ஸ்தபதிமார் ஆண் கல், பெண் கல்னு சொல்லுதாங்களே, அது இந்த வகைப்பாட்டுல எங்க வரும்?"

எங்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. அவர்கள் தட்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்கிறார்கள். ஓசை சொல்வது கல் எவ்வளவு கெட்டி, மணிகள் எவ்வளவு இறுக்கமாகக் கோத்திருக்கின்றன, உள்ளே விரிசல் இருக்கிறதா என்பதை. சிற்பிக்குத் தேவை அதுதான். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டினால் அப்படி ஒலிப்பதற்கும் கல்லின் இந்த இறுக்கமும் தூணின் தடிமனும் நீளமும்தான் காரணம். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்தார்கள். விரிசல் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் அந்த வேலையில் இறங்கியிருக்க முடியாது. நிலவியல் வகைப்பாடு அவர்கள் அறிவுக்கு மாற்று இல்லை, வேறொரு கேள்விக்குப் பதில்.

14. "கறுத்த கல்லுன்னா சிலிக்கா கம்மி, வெளுத்த கல்லுன்னா ஜாஸ்தி. இப்படிச் சொன்னாப் போதாதா?"

முதல் பார்வைக்கு உதவும், நம்பி எழுத முடியாது. நம் சார்னோக்கைட்டே இதற்குச் சாட்சி. தூரத்தில் பார்த்தால் கறும்பச்சை, கேப்ரோ என்று தோன்றும். உள்ளே குவார்ட்ஸ் கால் பங்கு இருக்கும், சிலிக்கா கிரானைட் அளவுக்கு வரும். ஃபெல்ட்ஸ்பாரின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது.

எதிர்ப்பக்கம் அனார்த்தோசைட். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் இந்தக் கல் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ். சிலிக்கா கிரானைட்டைவிட மிகக் குறைவு. நிலவின் மேட்டுநிலங்களும் இதே வகைப் பாறை என்பதால், சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் போன்ற பொடியை இஸ்ரோ இந்தக் கல்லிலிருந்துதான் தயாரித்தது. நிறத்தை மட்டும் பார்த்தால் இரண்டு கல்லிலும் பெயர் தப்பாகிவிடும்.

15. "ஒரே கல்லுக்கு ரெண்டு பேராசிரியர் ரெண்டு பேர் சொன்னா யாரை நம்ப?"

முதலில் அவர்கள் எவ்வளவு பரப்பைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். மணி 2 சென்டிமீட்டர் இருக்கிற கல்லில் தீப்பெட்டி அளவு துண்டை எண்ணினால் ஒரே ஒரு ஃபெல்ட்ஸ்பார் மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். கட்டத்தின் இடைவெளி மணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், பரப்பும் அதற்கேற்ப விரிய வேண்டும். அடுத்து, இரண்டு ஃபெல்ட்ஸ்பாரையும் எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டும் வெள்ளையாக இருந்தால் கண்ணால் பிரிப்பது கடினம். ஆய்வகத்தில் அமிலத்தால் அரித்துச் சாயம் ஏற்றினால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் மட்டும் மஞ்சளாகும், அப்புறம் எண்ணுவது சுலபம். அந்த அமிலம் மிக ஆபத்தானது, வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

இரண்டு பேரும் ஒழுங்காக எண்ணியிருந்து, ஒருவருக்குப் பிளாஜியோகிளேஸ் 63, இன்னொருவருக்கு 67 என்று வந்தால் யாரும் தப்பில்லை. 65 என்ற கோட்டை வரைந்தது நாம், அந்தக் கல்லுக்கு அது தெரியாது. ஒரே மலையில் நூறடி தள்ளிப் போனால் கிரானைட் மெல்ல மெல்லக் கிரானோடயோரைட்டாக மாறுவது சாதாரணம். அந்த மாதிரி இடத்தில் பெயரோடு எண்ணிக்கையையும், கல் எடுத்த இடத்தையும் எழுதிவையுங்கள். அடுத்து வருகிறவர் அதே இடத்துக்குப் போய் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.